வன்னியிலிருந்து சர்வதேச ரோயிங்: 16 வயதுப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது?

துணுக்காய் வாத்தியார் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையில் 16 வயது மாணவி ஒருவர். உயரம் 174 சென்ரிமீற்றர், நிறை 63 கிலோ. வலைப்பந்தும் 800 மீற்றரும் செய்கிறவர். தகப்பன் குளத்தில் மீன்பிடிக்கிறவர் என்பதால் வள்ளம் வலிக்கவும் நீந்தவும் நன்றாகத் தெரியும். பரிஸ் ஒலிம்பிக்கில் ரோயிங் (துடுப்புப் படகோட்டம்) பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்று நிற்கிறார்.

எனக்கு ஓட்டமும் எறிதலும் தெரியும், இது தெரியாது. சர்வதேச மட்டத்துக்குப் போன ஒரு ரோயர் எந்த வயதில் தொடங்கி, எந்தப் படிகளைத் தாண்டி, என்ன நேரம் எடுத்து அங்கே போகிறார்? போட்டிப் படகு ஒன்றுமே இல்லாத இந்த இடத்தில் இப்போது என்ன செய்யலாம்? கிளிநொச்சியில் ஒரு ஜிம்மில் ரோயிங் மெஷின் இருக்கிறது, கிழமைக்கு இரண்டு நாள் கேட்டு வாங்கலாம். குளத்தில் பழகலாமா? அடுத்த வருடம் உயர்தரம் தொடங்குகிறது, வீட்டில் அந்தக் கவலையும் உண்டு.

---

பெய்ரா கரை:

சேர், படகைத் தேடி இப்போது அலைய வேண்டாம். இந்த விளையாட்டில் கதவைத் திறப்பது மெஷினில் எடுக்கும் 2000 மீற்றர் நேரம். அதை வன்னியில் இருந்தே எடுக்கலாம்.

வயதுப் படிகள் இப்படி: 18 வயது நிறையும் வருடத்தின் டிசம்பர் 31 வரை 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. 22 நிறையும் வருட முடிவு வரை 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. அதற்கு மேல் சீனியர். ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஜூனியர் காலம் இன்னும் கையில் இருக்கிறது. அது தப்பினாலும் 23க்கு உட்பட்ட பிரிவுதான் உண்மையான வாசல்.

பிந்தித் தொடங்கி மேலே வந்தவர்கள் குறைவில்லை. நியூசிலாந்தின் மாஹே ட்ரைஸ்டேல் பல்கலைக்கழகம் போன பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். தனிப்படகில் 5 உலகப் பட்டங்கள், 2012, 2016 இல் ஒலிம்பிக் தங்கம். 2016 இறுதியில் அவருக்கும் குரோஷியாவின் டாமிர் மார்ட்டினுக்கும் ஒரே நேரம், 6:41.34, படத்தைப் பார்த்துத்தான் தீர்த்தார்கள். பிரித்தானியாவின் ஹெலன் குளோவர் 2008 இல், உயரமானவர்களைத் தேடி எடுத்த திட்டம் ஒன்றின் மூலம் தொடங்கி 2012 இல் தங்கம் எடுத்தார். நான்கே வருடம். ஆனால் அவருக்கு முழுநேரப் பயிற்றுநர்களும் படகுகளும் கிடைத்தன, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் தத்து போகனல். மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்று. 2012 இல் இராணுவத்தில் சேர்ந்த பிறகே ரோயிங் பழகினார், தண்ணீருக்குப் பயந்தவர். 2016 ரியோவில் தனிப்படகில் 13 ஆவது இடம், 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். உங்கள் பிள்ளை தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்.

தொடங்கும் வயதை விட இருந்து நிலைக்கும் காலம்தான் இதில் பெரிது. ஸ்டீவ் ரெட்கிரேவ் 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம். பெலாருஸின் எக்கத்தரீனா கார்ஸ்டன் 1992 இல் முதல் ஒலிம்பிக், 2016 இல் ஏழாவது ஒலிம்பிக், இடையில் 1996, 2000 இல் தனிப்படகில் தங்கம். இந்த மட்டத்தில் கிழமைக்கு 12 முதல் 14 பயிற்சி, அதில் ஐந்தில் நாலு பங்கு மெதுவாக, நிமிடத்துக்கு 18-20 துடுப்பு வலிப்பில், 16-20 கிலோமீற்றர் நீளத்துக்குப் போகும். காரணம் எளிது. 2000 மீற்றர் என்பது ஆறரை முதல் எட்டு நிமிட ஓட்டம், அதற்கான சக்தியில் முக்கால் பங்குக்குக் கிட்ட ஒட்சிசன் வழியாக வருகிறது. அந்தத் தளத்தைக் கட்ட வருடக்கணக்கில் மெதுவான வேலை வேண்டும். பொறுமையில்லாமல் ஒவ்வொரு நாளும் உச்சத்துக்கு இழுக்கிற பிள்ளைகள் முதல் ஆறு மாதம் வேகமாக முன்னேறி அப்படியே நின்றுவிடுவார்கள்.

இனி மெஷின். அது கொன்செப்ட் 2 என்ற வகை தானா என்று முதலில் பாருங்கள். முன்பக்கம் காற்றாடிக் கூண்டும் சங்கிலியும் இருக்கும். காந்தத்தில் இயங்கும் சாதாரண ஜிம் மெஷினில் வரும் '500 மீற்றர் நேரம்' எந்தத் தெரிவாளருக்கும் பயன்படாது, உடம்பைப் பழக்க மட்டும் உதவும். கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்பு உண்டு. பெடியள் எல்லோரும் அதைப் 10 இல் வைத்து இழுப்பார்கள். அது முதுகுக்குக் கூடாது, நேரமும் நல்லதாக வராது. திரையில் 'டிராக் ஃபக்டர்' (காற்றாடியின் இழுவை அளவு) காட்டும் பக்கத்தைத் திறந்து, சில தரம் வலித்துப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு 110 அளவில் வையுங்கள். நெம்பின் எண் மெஷினுக்கு மெஷின் மாறும், டிராக் ஃபக்டர் மாறாது. வன்னிச் செம்மண் தூசி கூண்டுக்குள் அடைந்தால் அதே நெம்பில் அந்த எண் இறங்கும், அப்படி இறங்கினால் கூண்டைத் திறந்து துடைக்க வேண்டும். இருக்கை ஓடும் தண்டவாளத்தை ஒவ்வொரு நாளும் துடையுங்கள். சங்கிலிக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மெல்லிய எண்ணெய்.

நேரங்களைப் பற்றி: 2021 இல் அமெரிக்காவின் ப்ரூக் மூனி மெஷினில் எடுத்தது 6:21.1. உலக மட்ட ஜூனியர் பெண்களில் முன்னணியில் இருப்பவர்கள் 7 நிமிடத்துக்குள். முறையாக மூன்று மாதம் பழகிய 16 வயதுப் பிள்ளை 8:20க்குக் கிட்ட வந்தால் கவனிக்க வேண்டிய பிள்ளை, 7:30க்கு வந்தால் யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 8:20க்கு ஏறக்குறைய 179 வாற்று போதும், 7:30க்கு 246 வாற்று வேண்டும். நேரம் பத்தில் ஒரு பங்கு குறைய, வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட வேண்டும். அதனால்தான் முதல் நிமிடம் சட்டென்று குறையும், அடுத்த இருபது செக்கனுக்கு ஒரு வருடம் போகும்.

---

குளக்காத்து:

சேர், தண்ணியைப் பற்றி மட்டும் நான் சொல்லுறன்.

போட்டிப் படகு எண்டது எங்கட வள்ளம் மாதிரி இல்லை. தனிப்படகு 8 மீற்றருக்கு மேலை நீளம், ஆகக் குறைஞ்ச நிறை 14 கிலோதான். அகலம் ஆள் இருக்கிற அளவு. ரெண்டு துடுப்பும் தண்ணியிலை விரிஞ்சு கிடந்தாத்தான் நிக்கும், கையை விட்டால் உடனே பிரளும். அடியிலை ஒரு மரக்குத்தி தட்டினால் கிழிஞ்சு போகும். எங்கட குளங்களின்ரை அலைகரைப் பக்கம் முழுக்கப் பட்ட மரக்குத்திதான். மார்கழியிலை தண்ணிக்குக் கீழை கிடக்கிறது ஆடியிலை மேலை தெரியும். ஆனபடியால் நீர் வத்தின காலத்திலை போய் எல்லாக் குத்தியையும் பார்த்து, ஓடுற பாதையைக் குறிச்சு, போத்தில் மிதவை கட்டி வைக்கோணும். நிறைஞ்ச பிறகு அந்தக் கோட்டை விட்டு விலகக் கூடாது.

நேரான 2000 மீற்றர் வேணுமெண்டால் இரணைமடு தாராளம். 36 அடிக்கு நிறைஞ்சு நிக்கேக்கை ஆழமும் காணும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு பழகிறதுக்குப் போதும். நந்திக்கடலை நான் சொல்லமாட்டன். கன இடத்திலை ஆழம் காணாது, வலைத்தடியும் கூட. ஒரு மீற்றரிலும் குறைஞ்ச தண்ணியிலை படகும் பாரமாப் போகும், அடிச் செட்டையும் தட்டும். போட்டித் தடத்துக்கு 3 மீற்றர் ஆழம் கேக்கிறதும் இதுக்குத்தான்.

காலம்: தை தொடக்கம் சித்திரை வரைதான் பொன்னான நேரம். தண்ணி நிறைய, காத்துக் குறைய. வைகாசியிலை சோளகம் (தென்மேல் காத்து) பிடிச்சால் காலமை ஒன்பது மணிக்குப் பிறகு குளம் அலையெறியும், தனிப்படகு தண்ணி குடிச்சுத் தாழும். ஐப்பசி கார்த்திகையிலை மின்னல், பிறகு வான்கதவு திறப்பு. வான்கதவுக்கும் துருசுக்கும் (மதகு) கிட்டப் போகவே கூடாது, இழுவை மேலை பார்க்கத் தெரியாது.

முதலை. இதை மறைக்கிறதிலை பிரயோசனமில்லை. விடியப்புறத்திலையும் பொழுதுபடேக்கையும் அதுகள் திரியும். மற்ற ஊர்களிலை 5 மணிக்கு இறங்குவினம், இங்கை வெயில் ஏறின பிறகு, ஆறரைக்குப் பிறகு இறங்கி எட்டரைக்கு முதல் ஏறுங்கோ. எந்தக் கரையிலை அது காயுதெண்டு பிள்ளையின்ரை தகப்பனுக்கே தெரியும், அவரைக் கேட்டு இறங்குதுறையைத் தெரியுங்கோ. பின்னாலை மோட்டர் வள்ளம் ஒண்டு கட்டாயம், அதுக்குள்ளை உயிர்காப்பு அங்கி, கயிறு, போன். நீர்ப்பாசனத் திணைக்களத்திட்டையும் மீனவர் சங்கத்திட்டையும் எழுத்திலை அனுமதி எடுங்கோ. வலை போட்ட நேரம் எதெண்டு சங்கம்தான் சொல்லும்.

மழை விட்ட கையோடை எலிக்காய்ச்சல் பயமும் இருக்கு. கையிலை கொப்புளம் உடைஞ்சிருந்தால் அண்டைக்குத் தண்ணியிலை விடவேண்டாம். வந்தவுடனை சவுக்காரம் போட்டுக் கழுவோணும். காய்ச்சலோடை கெண்டைக்கால் உளைஞ்சால், குளத்திலை இறங்கினதை வைத்தியரிட்டைச் சொல்லோணும்.

---

துணுக்காய் வாத்தியார்:

மிக்க நன்றி இருவருக்கும். மெஷின் கொன்செப்ட் 2 தான், பார்த்துவிட்டேன். வள்ளம் வலித்த பழக்கம் இதற்கு உதவுமா, இடைஞ்சலா? முதல் கிழமைகளில் என்ன சொல்லிக்கொடுப்பது?

---

இயன்மருத்துவர் அக்கா:

உள்ளங்கையும் துணிவும் உதவும். அசைவு இடைஞ்சல். வள்ளத்தில் இருக்கை அசையாது, கையும் முதுகும்தான் வேலை செய்யும். இங்கே இருக்கை வழுக்கி ஓடும், பெரும்பங்கு காலுக்கு. வள்ளம் வலித்த பிள்ளைகள் எல்லோரிடமும் இரண்டு பழக்கம் இருக்கும்: கால் தள்ளத் தொடங்க முன்னமே முதுகை நிமிர்த்துவது, முழங்கையை மடித்து வைத்து இழுப்பது. இரண்டும் கீழ்முதுகு நோவுக்கும் விலா எலும்பு வெடிப்புக்கும் நேர்வழி.

முதல் மூன்று கிழமை ஒழுங்கை மட்டும் பழக்குங்கள். பாதப்பட்டி பாதத்தின் அகன்ற இடத்துக்குக் குறுக்கே வர வேண்டும். முன்னுக்கு வந்து நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே கால் நிலத்துக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு மேல் நெருங்கக் கூடாது. இடுப்பிலிருந்து சற்று முன்சரிவு, கை நேராக. பிறகு கால் தள்ளும், கால் நீண்டு முடியும் தறுவாயில் உடம்பு பின்சாயும், கடைசியில் கை வந்து கைபிடி கீழ் விலாவில் தொடும். திரும்பும்போது தலைகீழ்: கை, உடம்பு, முழங்கால். முழங்கால் முதலில் மடிந்தால் கைபிடி அதன்மேல் ஏறி வளைந்து போகும், தூரத்திலிருந்தே தெரியும்.

பழக்கும் விதம்: கை மட்டும் 20 வலிப்பு, கையும் உடம்பும் 20, இருக்கையைப் பாதித் தூரம் ஓட்டி 20, முழுத் தூரம் ஓட்டி 20. எல்லாம் நிமிடத்துக்கு 18இல். தள்ளும் நேரம் ஒரு பங்கு என்றால் திரும்பி வரும் நேரம் இரண்டு பங்கு. அதற்குப் பிறகு 10 நிமிடம் மூன்று தரம், இடையில் 2 நிமிட ஓய்வு. எட்டுக் கிழமையில் அதை 20 நிமிடம் மூன்று தரமாக நீட்டுங்கள். இழுத்தபடி ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும். மூச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது.

மெஷின் இல்லாத நாள்களில் சைக்கிள் ஒரு மணித்தியாலம், வாரத்தில் இரண்டு நாள் பலப் பயிற்சி: குந்தி எழுதல், நிலத்திலிருந்து பாரம் தூக்குதல், பிளாங்க், கோல் கம்பத்தில் தொங்கி உடம்பை இழுத்தல். பாரம் தூக்குவதை வெறும் தடியில் தொடங்கி, முதுகு வளையாமல் வந்த பிறகே நிறை கூட்டுங்கள்.

விலாவில் ஒரு விரலால் அமத்திக் காட்டக்கூடிய இடத்தில் நோ, தும்மினால், மூச்சு ஆழ எடுத்தால் கூடுகிறது என்றால் அன்றே நிறுத்துங்கள். எலும்பு வெடிப்பாக இருக்கலாம், நாலு முதல் ஆறு கிழமை துடுப்பு இல்லை. இழுத்துப் பிடித்துச் செய்தால் சீசனே போய்விடும். கைக்கு உறை வேண்டாம், துடுப்பின் பிடி தெரியாமல் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். தடித்த தோலை அரத்தால் மட்டமாக்கி வையுங்கள்.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய கவலை. யாராவது 'நிறையைக் குறை, லைட்வெயிட்டில் போகலாம்' என்று சொன்னால் கேட்க வேண்டாம். பெண்களுக்கு 59 கிலோ எல்லை என்று இருந்த அந்தப் பிரிவு பரிஸ் 2024 உடன் ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. 174 சென்ரிமீற்றர் பிள்ளை வளர்ந்து தசை வைத்து 70 கிலோ தாண்டினால் நல்லதுதான். பயிற்சிக்கு முன் ஒரு துண்டு பாணும் வாழைப்பழமும், முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் முட்டை அல்லது கடலையோடு சோறு. மீன், பருப்பு, முருங்கையிலை, குரக்கன் எல்லாம் வீட்டிலேயே இருக்கும், அளவுதான் கூட வேண்டும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் விட்டால் அதைப் 'பயிற்சியின் பலன்' என்று நினைக்கக் கூடாது, உடம்புக்குச் சாப்பாடு காணவில்லை, எலும்பு தேயும். வைத்தியரிடம் போக வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள், ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் இடையில் தண்ணீர் காணவில்லை. நமது வெயிலில் அதில் ஒரு சிட்டிகை உப்பும் வேண்டும்.

---

முல்லைக்கடல்:

எல்லோரும் குளத்தையே பார்க்கிறீர்கள். கடலை விட்டுவிட்டீர்கள்.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 'பீச் ஸ்பிரின்ற்' முதல் தடவையாக வருகிறது: ஆண் தனி, பெண் தனி, ஆணும் பெண்ணும் சேர்ந்த இரட்டை. மணலில் ஓடி வந்து படகில் பாய்ந்து ஏறி, 250 மீற்றர் மிதவைகளுக்கு இடையில் வளைந்து போய், திரும்பி 250 மீற்றர் நேரே வந்து, குதித்து ஓடிக் கோட்டைத் தொட வேண்டும். மூன்று நிமிடத்துக்குக் கிட்டத்தான். அந்தத் தனிப்படகு 6 மீற்றர் நீளம், 35 கிலோவுக்குக் குறையாது, அகலமும் கூட, பின்பக்கம் திறந்தபடி, உள்ளே வந்த தண்ணீர் தானே ஓடிவிடும். மரக்குத்திக்கும் சோளகத்துக்கும் பயப்படுகிற படகு இல்லை. அலை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி. முல்லைத்தீவிலும் அளம்பிலிலும் கரைவலைக் காரரின் பிள்ளைகள் அலை இடைவெளி பார்த்து வள்ளம் இறக்குவதை எந்தப் பயிற்சிக் கூடத்திலும் படிக்க முடியாது.

ஆனால் மாரியில் கரை உடைக்கும் கடலில் இறக்காதீர்கள். கரைக்கு அண்டினாப்போல் அலை மடிந்து விழும் நாளில் படகு குறுக்கே திரும்பினால் ஆளின் மேல் உருளும்.

---

பெய்ரா கரை:

முல்லைக்கடல் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பீச் ஸ்பிரின்றிலும் மேலே வருபவர்கள் பெரும்பாலும் மெஷினில் நல்ல நேரம் உள்ளவர்கள்தான். அலை தெரிந்திருப்பது இடைவெளியைக் குறைக்கும், உடம்பின் என்ஜினுக்குப் பதிலாகாது. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று என்பதால் இப்போது தெரிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. (லொஸ் ஏஞ்சல்ஸில் வழமையான போட்டியும் லோங் பீச்சில் 1500 மீற்றர்தான். அது அந்த ஒலிம்பிக்குக்கு மட்டும், உலகப் போட்டிகள் 2000 தான்.)

சேர், மூன்று மாதம் முடிய ஒரு 2000 மீற்றர் ரெஸ்ட் (சோதனை) வையுங்கள். அதற்கு முதல் நாள் ஓய்வு. 15 நிமிடம் சூடாக்கி, நடுவில் வேகமான பத்து வலிப்பு மூன்று தரம். இலக்கு 8:20 என்றால் 500 மீற்றர் துண்டுகள் 2:04, 2:06, 2:06, 2:04. நிமிடத்துக்கு 28 முதல் 30 வலிப்பு, கடைசி 250இல் மட்டும் ஏறட்டும். புதிய பிள்ளைகள் முதல் துண்டை 1:55இல் போய், மூன்றாவது துண்டில் 2:15க்கு விழுவார்கள். திரையை முதல் ஒரு நிமிடம் நீங்களே சத்தமாக வாசித்துக் கட்டுப்படுத்துங்கள். அந்த மூன்றாவது 500இல்தான் ஆள் யாரென்று தெரியும். ஆறு கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் இந்த ரெஸ்ட் வேண்டாம்.

சர்வதேசப் போட்டிக்குத் தனியாள் பெயர் கொடுக்க முடியாது, நாட்டின் தேசியச் சங்கம் வழியாகத்தான். பள்ளிக்கூட ரோயிங் பெரும்பாலும் கொழும்பில் இருக்கிறது: பெய்ரா வாவியில் 1864 முதல் இயங்கும் கொழும்பு ரோயிங் கிளப், தியவன்னா ஓயாவில் தேசியத் தடம். முப்படைகளுக்கும் அணிகள் உண்டு, பலர் தொழிலோடு சேர்த்து ரோயிங் தொடர்வது அந்த வழியால்தான். தனிப்படகை இலக்காக வையுங்கள். எட்டுப் பேரைச் சேர்க்க நம்மிடம் ஆளில்லை, ஒலிம்பிக்கின் ஆசியத் தகுதிகாண் போட்டியிலும் தனிப்படகில்தான் சின்ன நாடுகளுக்கு இடம் கிடைக்கிறது. 2024 இல் தென்கொரியாவின் சுங்ஜூவில் மூன்றாவதாக வந்த இந்தியாவின் பல்ராஜ் பன்வர் அப்படித்தான் பரிஸ் போனார்.

உயர்தரத்தைப் பற்றி: கிழமைக்கு ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் 75 நிமிடம், இரண்டு வருடத்துக்கு அதுவே போதும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் மூன்றாகக் குறைத்தாலும் தளம் இறங்காது, வேகம் மட்டும் இறங்கும், அது ஆறு கிழமையில் திரும்பி வரும். கொழும்புக்கு இப்போதே அனுப்ப வேண்டாம். விடுமுறைகளில் இரண்டு கிழமை முகாமாகப் போய் படகில் இருந்து பழகட்டும். போகும் முன் உடுப்போடு நீந்திக் காட்ட வேண்டி வரலாம். படகில் பொருத்திய சப்பாத்தின் குதிக்கயிறு ஏன் கட்டியிருக்கிறது, படகு பிரண்டால் ஒரு கையால் இழுத்துக் காலை எப்படி விடுவிப்பது என்பதை முதல் நாளே கேட்டுப் பழக வேண்டும். பிரண்டால் படகை விட்டு நீந்தக் கூடாது, அதுதான் மிதவை.

போட்டி மட்டத்துக்கு வந்தபின் தடிமன் குளிசை கூடக் கேட்காமல் போடக் கூடாது. சூடோஎபெட்ரின் உள்ளவை போட்டி நாளில் தடைக்குள் வரும், அது கடையில் சாதாரணமாக வாங்கும் மருந்திலும் இருக்கலாம்.

கிளப்புக்கோ சங்கத்துக்கோ எழுதும்போது இவற்றைப் போடுங்கள்: பிறந்த திகதி, உயரம், கை விரித்த அகலம், நிறை, 2000 மீற்றர் நேரமும் நாலு துண்டுகளின் நேரமும், டிராக் ஃபக்டர், பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு நிமிட வீடியோ. கமெராவை இருக்கை உயரத்தில், மூன்று மீற்றர் தள்ளி வைத்து, காற்றாடியிலிருந்து இருக்கையின் கடைசி வரை முழுவதும் தெரிய எடுங்கள். 8:20க்குப் பிந்திய நேரமாக இருந்தாலும் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்ததையும் அனுப்புங்கள், பயிற்றுநர்கள் முதலில் பார்ப்பது அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான்.